தலைகீழ்ப் பத்தியம்

பத்தியம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஒரே அர்த்தம்தான் உண்டு. எதையாவது விட்டுவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் சோற்றை விட வேண்டும். காமாலை வந்தால் எண்ணெயை விட வேண்டும். பிள்ளை பெற்றவள் பாதிச் சமையலறையையே விட்டுவிட வேண்டும். சர்க்கரை வியாதியோ, கேட்கவே வேண்டாம். விட வேண்டியவற்றின் ஜாபிதாவை டாக்டர் சொல்வதற்குள் அடுத்த வீட்டுக்காரர் சொல்லி முடித்துவிடுவார். காப்பிக்குச் சர்க்கரை கூடாது, மாம்பழம் கூடாது, மண்ணுக்குக் கீழே விளைவது எதுவும் கூடாது, கல்யாணப் பந்தியில் பாயச வாளி வருகிறபோது கை கழுவ எழுந்துவிட வேண்டும். தமிழ்நாடு இந்தப் பாடத்தை நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறது. பெரும்பாலோருக்கு அது நல்ல பாடமுங்கூட. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால், மதுராந்தகத்தில் என் அக்காள் வீட்டில் இந்தப் பாடம் தலைகீழாக நடக்கிறது. அங்கே பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அக்காளுக்கு மகள் வயிற்றுப் பேத்தி. அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஒரு நாளைக்கு நாலு தடவை இன்சுலின் ஊசி. ஊசியைப் போட்ட கையோடு அவள் அம்மா நெய்க் கிண்ணத்தை எடுக்கிறாள். பெயருக்கு ஒரு சொட்டு விடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கரண்டியால் ஊற்றுகிறாள். உருளைக்கிழங்கு வறுவலில் எண்ணெய் மினுமினுக்கிறது. தயிரில் ஆடை அப்படியே இருக்கிறது. அது போதாதென்று ஊறுகாய், வற்றல், மேலே தூவ உப்பு!

"என்ன அநியாயம்மா இது? சக்கரை இருக்கிற பொண்ணுக்கு இப்படியா நெய்யை ஊத்துவாங்க?" என்று பின் வீட்டு அம்மாள் ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"டாக்டர்தான் ஊத்தச் சொன்னார், அத்தை."

"எந்த டாக்டர்?"

அந்தக் கேள்வியில் டாக்டரின் மேல் மட்டுமல்ல, அவருக்குப் பட்டம் கொடுத்தவர்கள் மேலும் சந்தேகம் தொனித்தது. அந்த அம்மாளைச் சொல்லிக் குற்றமில்லை. விஷயம் தெரியாத யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை இரண்டாவதாக வந்த வியாதி. முதல் வியாதி கூடவே பிறந்தது. சிஸ்டிக் பைப்ரோஸிஸ் என்று பெயர். தமிழில் ஊரறிந்த பெயர் அதற்கு இல்லை. வேலூரில்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்பதால் அக்காள் அதற்கு 'வேலூர் வியாதி' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

கண்டுபிடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. குழந்தை நன்றாகச் சாப்பிடும். ஆனால் உடம்பில் ஒட்டாது. மலம் எண்ணெய் பூசினாற்போல் போகும். இருமல் நிற்காது. ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார். மற்றொருவர், "தாய் சரியாக ஊட்டுவதில்லை" என்றார். மற்ற மருந்துகளெல்லாம் மறந்துவிட்டன. அந்த ஒரு வாக்கியம் மட்டும் என் அக்காள் மகளுக்கு இன்றுவரை மறக்கவில்லை. இந்தியாவில் இந்த வியாதி வந்த குழந்தைகள் பலருடைய கதையும் ஏறக்குறைய இதுதான். இது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று வெகு காலம் நினைத்திருந்ததால், இங்கே தேடுகிறவர்களே குறைவு.

எனக்கு நினைவிருப்பது ஒரு சித்திரை மாதம். ஏரிக்கரையில் அவளை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. உதறினால் உப்பு! விளையாட்டுக்கு வைத்த பெயர் வாஸ்தவமாகவே பலித்துவிட்டது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்று நம் முன்னோர்கள் கண்டு வைத்தார்கள். வியர்வையில் உப்புப் பூக்கிற குழந்தையைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லிக் கேட்டதில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்த பரிசோதனையும் வியர்வைப் பரிசோதனைதான். கையில் ஒரு மருந்தை வைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, வியர்க்க வைக்கிறார்கள். அந்த வியர்வையில் குளோரைடு எவ்வளவு என்று அளக்கிறார்கள். அறுபதும் அதற்கு மேலும் இருந்தால் இந்த வியாதி என்று அர்த்தம். குழந்தைக்கு நூறைத் தாண்டியிருந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை மதுராந்தகத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். இந்த ஊருக்கு வாழ்வே ஏரிதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர், கரை எப்போது உடையுமோ என்று மழை இரவில் பதைத்ததாகவும், ராம லக்ஷ்மணர்கள் வில்லும் கையுமாகக் கரையில் காவல் நின்றதாகவும் ஊரார் சொல்வார்கள். கோயிலில் இருப்பவருக்குப் பெயரே ஏரி காத்த ராமர். ஏரிக்கு நீர் வரத்து மட்டும் இருந்தால் போதாது. மதகு ஒழுங்காகத் திறக்க வேண்டும், வாய்க்கால் தூர்ந்து போகாமல் இருக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நம் உடம்பின் அணுக்களிலும் உப்புக்கென்று ஒரு மதகு உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு அந்த மதகு பிறவியிலேயே பழுது. அதனால் தோலில் திரும்ப உள்ளே போக வேண்டிய உப்பு வெளியே போய்விடுகிறது. உள்ளேயோ, நீர்த்து ஓட வேண்டிய சுரப்புகள் பசையாகக் கெட்டிப்பட்டு விடுகின்றன. நுரையீரலில் சளி நகராது. கணையத்தின் வாய்க்கால் அடைபடுகிறது. சாப்பாட்டை, முக்கியமாகக் கொழுப்பை, ஜீரணிக்கிற ரஸம் குடலுக்குப் போய்ச் சேருவதில்லை. போக வழியில்லாத ரஸம் இருந்த இடத்தையே அரிக்கிறது. இன்சுலினைச் சுரக்கும் திட்டுக்களும் அதே கணையத்தில்தான் இருக்கின்றன. கரை அரிக்க அரிக்க, வருஷக்கணக்கில் அவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகின்றன. முதல் வியாதிக்கு இரண்டாவது வியாதி பிறக்கிற விதம் இதுதான். இளம் பருவத்தில் ஐந்தில் ஒருவருக்கு, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, இப்படிச் சர்க்கரை வருகிறது என்று 2009-ல் அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இந்த வியாதியைத் தனி வியாதி என்று விவரித்து எழுதியவர் டாரதி ஆண்டர்ஸன் என்ற அமெரிக்க அம்மையார், 1938-ல். பத்து வருஷம் கழித்து நியூயார்க்கில் ஒரு கடும் வெயில் அடித்தது. அந்த வெயிலில் மயங்கி ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் இந்த வியாதிக்காரர்கள் ஏன் இத்தனை பேர் என்று டி ஸான்ட் ஆக்னீஸ் என்ற டாக்டர் யோசித்தார். வியர்வையில் உப்பு அதிகம் என்று 1953-ல் அச்சில் வந்தது. நியூயார்க் வெயிலுக்கே அந்தக் கதி என்றால், மதுராந்தகத்துக் கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அதனால்தான் அவள் தட்டில் மேலே தூவ உப்பு.

நெய்யின் கதை இதைவிடச் சுவையானது. கொழுப்பு ஜீரணமாகவில்லை என்று தெரிந்ததும் டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நம் பின் வீட்டு அம்மாள் செய்ததைத்தான் செய்தார்கள்: கொழுப்பை விட்டுவிடு என்றார்கள். வெகு காலம் உலகம் முழுவதும் அதுவே பத்தியம். கானடா தேசத்து டொராண்டோ நகரில் மட்டும் 1970-களில் வேறு விதமாக எண்ணினார்கள். ஜீரண ரஸத்தை மாத்திரையாக வேண்டிய மட்டும் கொடுப்போம். வெண்ணெய், பால், முட்டை எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும் என்றார்கள். 1988-ல் டொராண்டோ நோயாளிகளையும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நோயாளிகளையும் ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நுரையீரலுக்கான வைத்தியம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஆயுளின் நடு அளவு பாஸ்டனில் இருபத்தொன்று, டொராண்டோவில் முப்பது. பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது சாப்பாடு. வெண்ணெயைப் பூசிப் பூசி ஒன்பது வருஷத்தைச் சேர்த்திருக்கிறார்கள்! அதற்குப் பிறகு உலகமே டொராண்டோவின் பக்கம் திரும்பியது. சாதாரணமாக ஒருவருக்கு வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரண்டு மடங்குகூட, இந்தக் குழந்தைகள் சாப்பிட வேண்டும் என்பது இன்றைய விதி.

எங்கள் வீட்டிலும் அந்த விதிப்படி ஏழு வருஷம் நடந்தது. பத்து வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. இந்த வியாதியில் அது குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும். பதின்மூன்றாவது வயதில் எடை ஏறாமல் நின்றது. அந்த வருஷத்துப் பரிசோதனையில் 232 என்று வந்தது. இருநூறுக்கு மேல் போனால் சர்க்கரை வியாதி.

அன்றைக்கு நானும் வேலூருக்குக் கூடப் போயிருந்தேன். என் அக்காள் மகள் டாக்டரைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டாள். "அப்போ நெய்யை நிறுத்திடணுமா, டாக்டர்?"

"ஒரு கரண்டிகூடக் குறைக்காதீர்கள். சாப்பாடு அப்படியே இருக்கட்டும். அதற்குத் தகுந்த மாதிரி இன்சுலினை நாம் அமைத்துக்கொள்வோம்" என்றார் அவர்.

சாப்பாட்டுக்குத் தகுந்த மருந்து! மருந்துக்குத் தகுந்த சாப்பாடு என்றுதானே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்? காஞ்சிபுரம் வரையில் பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, ஊருக்குப் போய் இதை எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

இன்சுலின் சர்க்கரையை இறக்குகிற மருந்து என்றுதான் நமக்குத் தெரியும். உண்மையில் அது சாப்பாட்டை உடம்பாக்குகிற சாமான். அது இல்லாவிட்டால் தின்றது சிறுநீரோடு போகும். போதாக்குறைக்கு உடம்பு தன் சதையையே கரைத்துத் தின்னும். மூச்சு விடுகிற தசைகளும் அதில் சேர்த்திதான். ஏற்கனவே நுரையீரல் பழுதான குழந்தைக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே எடை குறைவதுதான் அந்த வீட்டில் முதல் பயம். சர்க்கரை ஏறுவது அதற்கு அடுத்த பயம்.

இதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம் என்று எண்ண வேண்டாம். புட்டியில் அடைத்த வண்ணப் பானங்கள் அவளுக்குக் கிடையாது. அவற்றில் வெறும் சர்க்கரைதான். ரத்தத்தில் பாய்ந்து ஏறும், சதையைப் பிடிக்காது. நெய் அப்படியல்ல. ஒரு கிராம் மாவுச் சத்தில் நாலு கலோரி என்றால், ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது. ரத்தத்தில் சர்க்கரையைச் சடக்கென்று ஏற்றுவதும் இல்லை. பின் வீட்டு அம்மாள் எதைப் பார்த்துப் பதறினாளோ, அதுதான் தட்டில் இருப்பதற்குள் சாதுவான பதார்த்தம்!

இந்த ஏற்பாட்டை நடத்துவது ஒரு சின்ன ராஜ்யத்தை நடத்துகிற மாதிரி. காலையில் எழுந்ததும் உப்பு நீரை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வேண்டும். நுரையீரல் சளி இளகுவதற்கு. ஆஸ்திரேலியாவில் கடலலைகளின் மேல் பலகை விட்டு விளையாடும் நோயாளிகளுக்கு மூச்சு நன்றாக இருப்பதைக் கவனித்ததிலிருந்து பிறந்த வைத்தியம் இது. 2006-ல் ஆராய்ச்சி செய்து உறுதிப்படுத்தினார்கள். அப்புறம் முதுகில் தட்டிச் சளியை எடுக்க வேண்டும். பிறகு விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். எத்தனை இட்லி என்று தீர்மானித்து, அதற்கு இத்தனை யூனிட் என்று ஊசி. முதல் வாயோடு ஜீரண மாத்திரை. இட்லிக்கு நெய்யும் மிளகாய்ப்பொடியும். பள்ளிக்கூடப் பையில் வேர்க்கடலை உருண்டை, அதற்கும் மாத்திரை. பையின் மூலையில் குளுக்கோஸ் பொட்டலம்; சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கிக் கை நடுங்கினால் வாயில் போட. இத்தனைக்கும் ஒரு நோட்டுப் புஸ்தகம். வரவு செலவு எழுதுகிற நீள நோட்டு. யூனிட், இட்லி, மாத்திரை, எடை என்று நாலு பத்தி. கணக்கில் பெயிலாகிக் கொண்டிருந்த பெண், இன்று மனக்கணக்கில் என்னைத் தோற்கடிக்கிறாள்.

அந்த ஜீரண மாத்திரையைப் பற்றி ஒரு சங்கதி. அக்காள் வீட்டில் வெங்காயத்தைக்கூடப் பண்டிகை நாளில் உள்ளே விட மாட்டார்கள். மாத்திரையோ பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. இதை அக்காளிடம் யாரும் சொல்லவில்லை. லீவுக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் புட்டியின் மேல் இருந்ததை உரக்க வாசித்துவிட்டான். அக்காள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா, இந்த மாத்திரை இல்லேன்னா அவளுக்குச் சோறு ஒட்டவே ஒட்டாதா?" என்று கேட்டாள்.

"ஒட்டாது அக்கா."

"நம்ம சித்தப்பா அந்தக் காலத்திலே போட்டுண்டாரே இன்சுலின், அது எதிலேருந்து வந்தது?"

நான் உண்மையைச் சொன்னேன். 1982-க்குப் பிறகுதான் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த மனித இன்சுலின் கடைக்கு வந்தது. அதற்கு முன்னால் மாடு அல்லது பன்றியின் கணையம்தான். மூன்று வேளை ஸ்நானம் செய்து வந்த சித்தப்பாவை நினைத்துப் பார்த்தாளோ என்னவோ, அக்காள் சிரித்தே விட்டாள். அதுவரை பீரோவில் இருந்த மாத்திரைப் புட்டி, மறுநாள் சமையலறையில் நெய் ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது வேளை தவறாமல் எண்ணிக் கொடுப்பவளே அக்காள்தான்.

வீட்டுக்குள் இப்படி வழி பிறந்துவிட்டது. வெளியேதான் கஷ்டம். கல்யாண வீட்டில் அவள் இலையில் இரண்டாவது ஜாங்கிரி விழுந்தால் பந்தி முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. "இந்த வயசிலேயே சக்கரை, வாயைக் கட்டத் தெரியலை" என்று காது கேட்கவே சொல்கிறார்கள். வாயைக் கட்டினால் அவள் இளைப்பாள் என்று அத்தனை பேருக்கும் எப்படி விளக்குவது? சில நாள் அவளே வெட்கப்பட்டுக்கொண்டு பாதி இலையில் எழுந்துவிடுகிறாள். அந்த இரவு நோட்டில் எடைப் பத்தியைப் பார்த்து அவள் அம்மா உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரையும் பட்டினியும் ஜோடி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இன்சுலின் கிடைப்பதற்கு முன்னால் அது நிஜமாகவே வைத்தியமாக இருந்தது. சர்க்கரை வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதமோ ஒன்றிரண்டு வருஷமோ உயிரை நீட்டினார்கள். 1922 ஜனவரி 11-ந் தேதி, பதினாலு வயது லியோனர்டு தாம்ஸன் என்ற எலும்பும் தோலுமான பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். சரியாகப் பலிக்கவில்லை. மருந்தை இன்னும் சுத்தம் செய்து அதே மாதம் 23-ந் தேதி மறுபடி போட்டார்கள், பலித்தது. பையன் சாப்பிட ஆரம்பித்தான். இது எந்த ஊர் என்கிறீர்கள்? அதே டொராண்டோ! இந்த வியாதிக்குக் காரணமான மரபணுவை 1989-ல் கண்டுபிடித்ததிலும் அந்த ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. நம்முடைய இலங்கைத் தமிழர்கள் ஏராளமாகக் குடியேறிய நகரம் என்றுதான் நமக்கு டொராண்டோவைத் தெரியும். அக்காள் மகளுக்கு அது இன்னொரு வேலூர்.

ஒல்லியான சர்க்கரை நோயாளிகள் நம் மண்ணுக்குப் புதியவர்களும் அல்லர். ஊட்டமில்லாமல் வளர்ந்த ஏழைகளுக்கு வருகிற சர்க்கரை ஒன்று உண்டு. கணையத்தில் கல் கட்டி அதனால் வருகிற சர்க்கரையை கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் டாக்டர்கள் வெகு காலமாகப் பார்த்து வருகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1985-ல் ஊட்டக் குறைவுச் சர்க்கரைக்குத் தனி இடம் கொடுத்தது. 1999-ல் அந்த இடத்தை எடுத்துவிட்டது. பல நாட்டு நிபுணர்கள் 2025 ஜனவரியில் வேலூரில் கூடிப் பேசினார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் அதை 'ஐந்தாம் வகை' என்று ஏற்றுக்கொண்டது. அக்காள் பேத்தியின் வியாதி வேறு, இவர்களுடைய வியாதி வேறு. ஆனால் வற்றிய உடம்பைப் பார்த்து 'இன்னும் குறை' என்று சொன்னால் இரண்டு பேருக்கும் கெடுதல்தான்.

நெய்யினாலும் ஊசியினாலும் வியாதி குணமாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. பழுதான மதகையே சரி செய்கிற மாத்திரை ஒன்று 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ட்ரிகாஃப்டா என்று பெயர். எல்லாவிதப் பழுதுக்கும் அது கேட்காது. எங்கள் பெண்ணுக்கு இருக்கிற பழுதுக்குக் கேட்கும் என்று வேலூரில் சொன்னார்கள். அமெரிக்காவில் அதன் விலை வருஷத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். ஏரி, கரை, கோயில் எல்லாவற்றையும் விற்றாலும் மதுராந்தகம் எத்தனை வருஷம் வாங்கிக் கொடுக்க முடியும்?

ஆனாலும் விலைகள் இறங்கியிருக்கின்றன. எய்ட்ஸ் மருந்துக்கு வருஷத்துக்குப் பதினாயிரம் டாலர் ஆன காலத்தில், 2001-ல், நம் பம்பாய் ஸிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்று உலகத்தையே திகைக்க வைத்தது. என் அக்காள் மகள் இந்தச் செய்தியை எங்கேயோ படித்து, வெட்டி எடுத்து, நீள நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் ஊற்றுகிற நெய்யின் அர்த்தம் எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் முழுவதும் விளங்கியது. அந்த மருந்து இறங்கி வருகிற நாள் வரையில் பெண்ணை நிற்க வைத்திருக்க வேண்டும். அதற்குச் சதை வேண்டும். கிலோக் கணக்கில் அல்ல, கிராம் கணக்கில் அவள் நாளை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

போன தை மாதம் நோட்டில் எழுநூறு கிராம் ஏறியிருந்தது. முப்பத்தாறு கிலோ எழுநூறு! அக்காள் ஏரி காத்த ராமருக்கு வேண்டிக்கொண்டிருந்தபடி சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம் செய்தாள். சர்க்கரை வியாதிக்காரிக்கு எடை ஏறியதற்காகச் சர்க்கரைப் பொங்கல் செய்த பக்தை அந்தச் சன்னிதியில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்தோம். தொன்னையைக் கையில் வைத்து எடை பார்ப்பது போல் ஒரு தடவை ஆட்டினாள் அந்தப் பெண். "நாலு யூனிட், தாத்தா" என்றாள். ஊசியைப் போட்டுக்கொண்டாள். மாத்திரையை அக்காள் எண்ணிக் கொடுத்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நெய் வழிய வழிய அவள் சாப்பிடுகிற அழகைப் பார்த்துவிட்டு, என்ன தோன்றிற்றோ, தம் தொன்னையில் இருந்த முந்திரியை எடுத்து அவள் தொன்னையில் வைத்தார்.